கஷ்டமான நாவல் எப்போது கஷ்டமானது?

"இலக்கியம்னா நமக்கு ஒத்துவராது மச்சி. கதைப் புத்தகம் ஏதாவது இருந்தா குடு."

இந்த வசனத்தைக் கல்லூரியில் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது. சொல்பவர் பாவம், நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமே ஒளிந்திருக்கிறது. கதை ஒரு பக்கம், இலக்கியம் இன்னொரு பக்கம். முதலாவது எல்லோருக்கும், இரண்டாவது யாரோ சிலருக்கு. நடுவில் ஒரு சுவர். இந்தச் சுவரை எழுப்பியது யார்? எப்போது? எதற்காக?

நான் படிப்பது பி.காம். இலக்கிய விமர்சனம் எங்களுக்கு எந்த செமஸ்டரிலும் கிடையாது. ரயிலில், விடுமுறையில், தேர்வுக்கு முந்தின நாள் (அப்போதுதான் நாவல் ரொம்ப ருசிக்கும் :-)) படிக்கிற சாதாரண வாசகன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில்தான் போகிறேன். ஒரு சரக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாவிட்டால், அதைத் தயாரிக்கப் பணம் போட்டது யார், வாங்கியது யார் என்று பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகம் பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

தமிழ் நாவலின் சுமார் 150 வருடக் கதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது. கஷ்டமான நாவலின் கஷ்டத்தில் பாதி அதன் எழுத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது. முதல் பாதிக்கு எழுத்தாளர் பொறுப்பு. இரண்டாவது பாதிக்கு அவரும் பொறுப்பில்லை, நாமும் பொறுப்பில்லை. ஆனால் அதைச் சரிசெய்ய நம்மால் முடியும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

சுவர் இல்லாத காலம்

தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது. எழுதியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழில் செய்யுள் ஏராளம், படித்து மகிழ உரைநடைதான் குறைவு, அந்தக் குறையை நீக்க எழுதுகிறேன் என்பது அவர் முன்வைத்த காரணம். அதாவது நம் முதல் நாவலே "கஷ்டமாக இருக்கக் கூடாது" என்ற நோக்கத்தில் பிறந்தது. கிளைக்கதை, வேடிக்கை, நீதி எல்லாம் கலந்து ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலப் போகும். என் கருத்து? திண்ணை நன்றாகத்தான் இருக்கிறது, பெரியவர் கொஞ்சம் அதிகமாக அறிவுரை சொல்கிறார்.

அடுத்தது 'கமலாம்பாள் சரித்திரம்'. பி.ஆர். ராஜமய்யர் இதை 1893 முதல் 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் தொடராக எழுதினார். 1896-ல் புத்தகமாக வந்தது. 1872-ல் பிறந்தவர், 1898-ல் போய்விட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடரை ஆரம்பித்தபோது அவருக்கு நம் வயதுதான்.

மதுரை ஜில்லாவின் ஒரு கிராமத்து வம்பில் ஆரம்பித்து வேதாந்தத்தில் போய் முடிகிற நாவல் இது. முன்பாதி சிரிப்பும் ஊர்ப்பேச்சுமாகப் பறக்கும். பின்பாதி நமக்குக் கஷ்டம்தான். கதாசிரியர் கதையை விட்டு எழுந்து காவி கட்டிக்கொண்டு நடந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இதில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார், புரியாத பழம்பாட்டுகளிலேயே ஊறிக் கிடப்பவர். அவரை வைத்துத்தான் ராஜமய்யர் நம்மைச் சிரிக்க வைக்கிறார். கடினமான தமிழ் என்பது அன்றைய நாவலுக்குக் கேலிப்பொருள். நாவல் படிப்பதற்கே கடினமாக இருக்கும் என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. இது எளிய நாவல், அது தீவிர நாவல் என்று இரண்டு அலமாரி கிடையாது. ஒரே அலமாரி, அதுவும் பாதி காலி.

வாரப் பத்திரிகை வந்தது

20-ம் நூற்றாண்டின் முதல் பகுதியில் அந்த அலமாரி வேகமாக நிரம்பியது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார் எல்லோரும் துப்பறியும் நாவல்களாக எழுதித் தள்ளினார்கள். வை.மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி' பத்திரிகையை 1925 முதல் நடத்தி, நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். நாவலுக்குச் சந்தை உண்டு என்பது நிரூபணமாகிவிட்டது.

அந்தச் சந்தையை உச்சத்துக்குக் கொண்டு போனவர் கல்கி. 'ஆனந்த விகட'னில் எழுதிப் பெயர் பெற்று, 1941-ல் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அதில் வாராவாரம் வந்தது. ஐந்து பாகம். இன்றைய பதிப்புகளில் 2000 பக்கத்துக்கு மேல் போகும்.

இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. 2000 பக்கம். டஜன் கணக்கில் பாத்திரங்கள். சோழர், பாண்டியர், ராஷ்டிரகூடர், ஈழம் என்று நாலு பக்கத்து அரசியல். யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொள்ள ஒரு நோட்டே வேண்டும். இந்தப் புத்தகத்தை யாராவது "கஷ்டமான நாவல்" என்று சொல்லிக் கேட்டதுண்டா? எங்கள் வீட்டில் அஞ்சாம் கிளாஸோடு படிப்பை நிறுத்திய பாட்டி மூன்று தடவை படித்திருக்கிறார். 2022-லும் 2023-லும் படமாக வந்தபோது, அரங்கிலேயே "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று சண்டை போட்டவர்கள் எத்தனை பேர்!

ஆக, பக்க எண்ணிக்கை கஷ்டம் இல்லை. பெயர்களின் கூட்டமும் கஷ்டம் இல்லை. பின்னே எது?

வாரத் தொடர் வாசகருக்குச் செய்கிற சேவைகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு அத்தியாயம் மட்டுமே கிடைக்கும், அதனால் மலைப்பு இல்லை. அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கொக்கி இருக்கும், அதனால் மறக்காது. மறந்தாலும் ஆசிரியரே அங்கங்கே நினைவூட்டிக்கொண்டு போவார். மணியம் வரைந்த முகங்கள் இருக்கும், அதனால் பெயர் குழம்பாது. எல்லாவற்றையும் விட, அடுத்த அத்தியாயம் வருவதற்குள் ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளும் வீட்டில், ஆபீஸில், குழாயடியில் அதே கதையைப் பற்றிப் பேச ஆள் இருந்தார்கள். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து பத்திரப்படுத்தினார்கள். நாவலோடு சேர்த்து ஒரு வகுப்பறையும் இலவசமாகக் கிடைத்தது என்று சொல்லலாம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பத்திரிகைக்கு வாராவாரம் பல்லாயிரம் பிரதி விற்றாக வேண்டும். ஒரு வாரம் வாசகர் கொட்டாவி விட்டால் அடுத்த வாரம் நஷ்டம். அப்படியிருக்க, ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்து யோசிப்பதை நாற்பது பக்கம் எழுத எந்த ஆசிரியர் துணிவார்?

சுவர் எழும்பியது

துணிந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். 1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி' அதற்கு முன்னோட்டம். அங்கிருந்து வந்த சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற சிறு பத்திரிகையை ஆரம்பித்தார். 1970 வரை 119 இதழ்கள். சந்தாதாரர்கள் சொற்பம், விளம்பரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அச்சிட்ட புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் செல்லப்பா. வணிகவியல் பாடத்தில் வருகிற மார்க்கெட்டிங், டிஸ்ட்ரிபியூஷன், சேல்ஸ் மூன்றும் ஒரே ஆளின் தோளில்!

அதே காலத்தில் க.நா. சுப்ரமண்யம் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். எது நல்ல நாவல் என்று பட்டியல் போடுவது, புகழ்பெற்றவர்கள் பெயரைத் தயங்காமல் அதிலிருந்து நீக்குவது, ஐரோப்பிய நாவல்களைத் தமிழில் பெயர்ப்பது. நார்வே நாட்டு நட் ஹாம்சனின் நாவலை 'நிலவள'மாகக் கொண்டு வந்தவர் அவர்தான். கல்கி மீது அவர் வைத்த விமர்சனம் கடுமையானது. "வாசகர் விரும்புகிறார்" என்பது ஒரு நாவலுக்குச் சான்றிதழ் ஆகாது என்ற எண்ணம் தமிழில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், க.நா.சு.வின் சொந்த நாவல் 'பொய்த்தேவு' (1946) கஷ்டமே இல்லை. காவிரிக் கரைச் சாத்தனூரில் ஒன்றுமில்லாமல் பிறந்த சோமு, வியாபாரத்தில் வளர்ந்து சோமு முதலியாராகி, கடைசியில் அத்தனையையும் விட்டுவிட்டுப் போகிற கதை. என் வகுப்பில் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். சம்பாதிப்பதைப் பற்றி இவ்வளவு நிதானமாக யோசித்த தமிழ் நாவல்கள் குறைவு. ஆனால் "தீவிர இலக்கியம்" என்ற அலமாரியில் இருப்பதாலேயே நம் ஆட்கள் தொடுவதில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்தே கடைக்குள் போகாமல் திரும்புவது போல.

சுவர் முழுவதுமாக மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 'சுதேசமித்திர'னில் தொடராக வந்ததுதான். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 'தினமணி கதி'ரில் வேறு தலைப்பில் தொடராக வந்து, புத்தகமாகி, 1972-க்கான சாகித்ய அகாதமி பரிசும் பெற்றது. வெளிநாட்டிலும் இதே கதைதான். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-ல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்தது. உலகத்தின் கஷ்டமான நாவல் எது என்றால் எல்லோரும் கைகாட்டுகிற ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' கூட 1918 முதல் 1920 வரை ஓர் அமெரிக்கச் சிறு பத்திரிகையில் தொடராக வந்து, வழக்குப் போட்டு நிறுத்தப்பட்டது. 1922-ல் பாரிஸில் ஒரு புத்தகக் கடைக்காரப் பெண்மணி அதை 1000 பிரதி அச்சிட்டார். ஆழமும் தொடரும் எதிரிகள் அல்ல. பத்திரிகை யாருக்காக நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பத்து வருடம் காத்திருந்த தோணி

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். பா. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், 1920-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போய், போர்க்காலத்தை அங்கே பார்த்து, 1946-ல் திரும்பி, மதுரை 'தினத்தந்தி'யில் வேலைக்குச் சேர்ந்தார். மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. அறையில் பல ஆண்டுகள் தங்கியிருந்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். முதலாவது 'கடலுக்கு அப்பால்', 'கலைமகள்' போட்டியில் பரிசு வாங்கி 1959-ல் வெளிவந்தது. இரண்டாவது 'புயலிலே ஒரு தோணி'. 1962-ல் எழுதி முடித்தார். புத்தகமானது 1972-ல். பத்து வருடம்!

இதிலுள்ள முரணைப் பாருங்கள். 'தினத்தந்தி' என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்று 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழ். பகலெல்லாம் தமிழ்நாட்டின் எளிமையான தமிழோடு வேலை பார்த்த மனிதர், தனக்கென்று உட்கார்ந்து தமிழின் சிக்கலான நாவல்களில் ஒன்றை எழுதினார். எளிதாக எழுதத் தெரியாததால் கஷ்டமாக எழுதினார் என்று இவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

ஜப்பான் ராணுவம் மெடானுக்குள் நுழைகிற காட்சியோடு நாவல் திறக்கிறது. தெருப் பெயர்கள் டச்சு. பேச்சில் மலாய் கலந்திருக்கும். செட்டியார் வட்டிக் கடைகளின் சொற்கள் விளக்கமில்லாமல் வந்து விழும். யாரும் நம் கையைப் பிடித்து அழைத்துப் போவதில்லை. பாண்டியன் என்ற நாயகன் பினாங்குக்குப் போகிறான், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், நடுவில் அவன் மனசு மதுரைத் தெருக்களுக்கு ஓடிவிடுகிறது. நண்பர்கள் குடித்துக்கொண்டே தமிழன் பெருமையைத் துவைத்துக் காயப்போடுகிறார்கள். எது நடப்பது, எது நினைப்பது என்று பிரித்துச் சொல்ல ஆசிரியர் மெனக்கெடுவதில்லை.

என் அபிப்பிராயம்: முதல் 50 பக்கம் திணறல். அதற்குப் பிறகு, தொங்கானில் கடல் கடக்கும்போது வருகிற புயல் அத்தியாயத்தை நான் நின்றுகொண்டே படித்தேன், மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும். மது அருந்திப் பேசுகிற சில பகுதிகள் நீளம், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒரு பி.காம். மாணவனுக்கு இந்த நாவலில் ஒரு தனிச் சலுகை உண்டு. முதலாளி ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், அதாவது அங்கேயே படுத்து, அங்கேயே சாப்பிட்டு, கணக்கு எழுதக் கற்கும் சிறுவன். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. பேரேடு, ஐந்தொகை என்று வரும். ஐந்தொகை வேறொன்றுமில்லை, நாம் தலையைப் பிய்த்துக்கொள்கிற பேலன்ஸ் ஷீட். இலக்கியப் பேராசிரியருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் இடத்தில் நமக்குத் தேவைப்படாது. எந்தப் புத்தகம் யாருக்குக் கஷ்டம் என்பது வாசகரின் பிழைப்பைப் பொறுத்தும் மாறும் என்று எனக்குக் காட்டியது இந்த நாவல்தான்.

1972-ல் வந்தபோது பெரிய பேச்சு எழவில்லை. பல வருடம் கழித்தே எழுத்தாளர்களும் விமர்சகர்களும் தேடிப் பிடித்துக் கொண்டாடினார்கள். சிங்காரம் அதற்குள் எழுதுவதையே நிறுத்தியிருந்தார். 1997 டிசம்பரில் இறந்தார். இன்று தமிழின் முதல் பத்து நாவல் என்று யார் பட்டியல் போட்டாலும் பெரும்பாலும் இந்தப் பெயர் இருக்கிறது. வாராவாரம் பேச ஒரு வாசகர் கூட்டம் இருந்திருந்தால் அவர் மூன்றாவது நாவல் எழுதியிருப்பாரா? எனக்கு இந்தக் கேள்வி உறுத்துகிறது. சுவரால் நஷ்டம் வாசகருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். எழுதியவருக்கும்தான்.

மூன்று கஷ்டங்கள்

இனி என் நேர்மையான தீர்ப்புகள். கல்லெறிய நினைப்பவர்கள் வரிசையில் வரவும்.

நகுலனின் 'நினைவுப்பாதை', அதே 1972. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நவீனன் என்ற எழுத்தாளனின் மனம் போகிற வழியே நாவலும் போகும். கதை என்று பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. மூன்று முறை தொடங்கி மூன்று முறை வைத்துவிட்டேன். சில பக்கங்கள் தனியாக எடுத்துப் படித்தால் அபாரம், சேர்த்துப் படித்தால் எனக்கு வழி தெரியவில்லை. யாராவது கூட இருந்து படித்திருந்தால் முடித்திருப்பேனோ என்னவோ.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', 1981. ஜோசப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளனைப் பற்றி பாலு என்ற தமிழ் எழுத்தாளன் சேகரித்த குறிப்புகள்தான் நாவல். பின்பாதி முழுக்க ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. கல்கியின் சிவகாமி போட்ட சபதத்தைக் குத்திக்காட்டும் ஒரு கேள்வி இதில் வருகிறது. இலக்கிய உலகத்தில் பிரசித்தம். நான் சொன்ன சுவரின் மேல் ஏறி நின்று கீழே பார்த்துச் சிரிப்பது போன்ற இடம் அது. சிரித்தேன், பாட்டியை நினைத்துக் கொஞ்சம் கோபமும் வந்தது. வாக்கியங்கள் கத்தி போல இருக்கின்றன. பென்சில் இல்லாமல் படிக்க முடியாது. ஆனால் ஜே.ஜே. எப்போதும் சரியாகவே இருக்கிறான், பாலு எப்போதும் வியந்துகொண்டே இருக்கிறான். ஒரே ஒரு இடத்திலாவது ஜே.ஜே. அசடு வழிந்திருந்தால் எனக்கு அவனை இன்னும் பிடித்திருக்கும்.

1997-ல் இரண்டு பெரிய நாவல்கள் வந்தன. ஒன்று ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்', 800 பக்கத்தை ஒட்டி. முதல் பாகத்தில் புராணமாகிப்போன மனிதர்கள் இரண்டாம் பாகத்தில் ரத்தமும் சதையுமாக நடக்கிறார்கள். அந்த இரண்டாம் பாகத்தில் பல தரிசனத்தார் கூடி நூறு நூறு பக்கமாக வாதம் செய்கிறார்கள். நமக்குத் தர்க்கசாஸ்திரம் தெரியாது. ஆனால் பட்டிமன்றம் தெரியும் அல்லவா? வாய்விட்டுப் படித்தால் யார் யாரை மடக்குகிறார் என்று புரிந்துவிடுகிறது. இந்தக் கஷ்டத்துக்குக் கூலி உண்டு. ஒரு ஊரின் மனிதர்கள் எப்படித் தெய்வமாக்கப்படுகிறார்கள் என்பதை வேறெப்படி எழுதினாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

மற்றது நம் செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்'. ஏறத்தாழ 85 வயதில் அவரே வெளியிட்டார், மூன்று பாகம். 1927 முதல் 1934 வரையிலான சுதந்திரப் போராட்டம். அடுத்த வருடமே அவர் இறந்தார். 2001-க்கான சாகித்ய அகாதமி பரிசு அவர் இல்லாமல்தான் வந்தது. இதில் ஒரு சொல்கூடக் கஷ்டமில்லை. ஆனாலும் எனக்கு அலுப்பாக இருந்தது. கூட்டம், பேச்சு, விவாதம், மறுபடி கூட்டம்... எதையும் வெட்ட மனசு வரவில்லை அவருக்கு. அந்த மனிதர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் புத்தகத்தின் மேல் அதே மரியாதை தானாக வந்துவிடாது. இதைச் சொல்கிற உரிமை வாசகருக்கு இருக்கிறது.

ஆகக் கஷ்டத்தில் மூன்று வகை. ஒன்று, சொல்ல வந்த விஷயமே சிக்கல் என்பதால் வருவது. 'விஷ்ணுபுரம்' அப்படி, 'தோணி' அப்படி. இரண்டாவது, யாரும் குறைக்கச் சொல்லாததால் வருவது. மூன்றாவது, கூடப் படிக்க ஆள் இல்லாததால் வருவது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி "இலக்கியம் புரியாது" என்று ஓரம் வைப்பதுதான் நாம் செய்துகொண்டிருக்கிற தவறான கணக்கு.

புத்தகத்துக்கு யார் பணம் கட்டினார்கள்?

கடைசியாக ஒரு ரசீது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவின் மாகாணங்களில் இப்படி ஒரு சட்டம் இயற்றியதில் முதலிடம் நமக்குத்தான். எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. பெருங்களத்தூர் பேரூராட்சியாக இருந்தபோதும் சரி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த பிறகும் சரி, வீட்டு வரி கட்டுகிறவர்கள் நூலகத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். வாடகை வீடு என்றால் வாடகைக்குள் அது இருக்கிறது. குறைவாக அச்சாகிற தீவிர இலக்கியப் புத்தகங்களுக்கு நூலகம் வாங்குகிற பிரதிகள் முக்கியமான ஆதாரம். ஆக, "நமக்கு ஆகாது" என்று நாம் ஒதுக்குகிற நாவலின் அச்சுக்கூலியில் நம் அப்பா அம்மாவின் காசு இருக்கிறது. பங்குதாரர் கூட்டத்துக்குப் போகாமலேயே இருக்கிறோம், அவ்வளவுதான்.

போவதற்கு என் யோசனை எளிது. நின்றுபோன வாரப் பத்திரிகையை நாமே நடத்துவோம். மூன்று பேர், ஒரு நாவல், வாரத்துக்கு 20 பக்கம். கல்லூரிக்குப் போகிற ரயிலிலேயே முடிந்துவிடும். சனிக்கிழமை டீக்கடையில் அரை மணி நேரம், யாருக்கு எது புரியவில்லை என்று மட்டும் பேச வேண்டும். 'புயலிலே ஒரு தோணி' சுமார் 300 பக்கம், 15 வாரம், ஒரு செமஸ்டர். 'விஷ்ணுபுரம்' 40 வாரம், ஒரு கல்வியாண்டு. நம் தாத்தா பாட்டிகள் வந்தியத்தேவனோடு மூன்றரை வருடம் குதிரையில் போனவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இது ஒரு கஷ்டமா?

படித்து முடித்து, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எந்த இடத்தில், எதனால் என்று சொல்ல வேண்டும்.

ஜூலையில் கல்லூரி திறந்ததும் 'தோணி'யில் ஆரம்பிக்கிறோம். இப்போதைக்கு இரண்டு பேர் இருக்கிறோம். மூன்றாவது இடம் காலி. அதற்குள் நீங்கள் பாதியில் மூடி வைத்த நாவல் எது, எத்தனையாவது பக்கத்தில் மூடினீர்கள் என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள் பார்ப்போம்.